வட்டியும் தொழிலின் செலவுதான்

கம்பெனிகளின் காலாண்டு முடிவுகள் வெளியாகும் நாட்களில் வணிகச் செய்திகளைப் பார்ப்பவர்களுக்கு அந்த வரிசை பழகியிருக்கும். முதலில் விற்பனை. அடுத்து எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் எதையும் கழிக்காமல் காட்டப்படும் லாபம். அதன் பிறகு எபிட்டா விற்பனையில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. நிகர லாபமோ நஷ்டமோ கடைசியில்தான் வரும். நஷ்டம் என்றால் கூடவே ஒரு சமாதானமும் வரும்: "தொழில் நன்றாகத்தான் நடக்கிறது, வட்டிதான் கொஞ்சம் இழுக்கிறது." தரகு நிறுவனங்களின் அறிக்கைகள், பங்குச்சந்தை பற்றிய தமிழ்க் காணொளிகள், முதலீட்டாளர் கூட்டங்கள் என எங்கும் இதே பேச்சு. வணிகவியல் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளும் முதலில் இதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு கருத்து இருக்கிறது. வட்டி தொழிலைச் சேர்ந்தது அல்ல, பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சேர்ந்தது; ஆகவே தொழிலை எடைபோடும்போது அதைத் தள்ளி வைத்துவிடலாம் என்பதே அந்தக் கருத்து. இது தவறு. ஓய்வூதியப் பணத்தையும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தையும் பங்கிலும் கடன் பத்திரத்திலும் போட்டிருக்கும் சாதாரண மனிதருக்கு நஷ்டம் உண்டாக்கும் தவறு.

எதிர்த்தரப்பின் வாதங்களை அவற்றின் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். அவை மூன்று. ஒன்று: ஒரே மாதிரி இயங்கும் இரண்டு ஆலைகளில் ஒன்று சொந்தப் பணத்திலும் மற்றது கடனிலும் கட்டப்பட்டிருக்கலாம், ஆலையின் திறமையை ஒப்பிட வேண்டுமானால் வட்டியை ஒதுக்கித்தான் பார்க்க வேண்டும். இரண்டு: கட்டுமானக் காலத்து வட்டி, சிமெண்டையும் கம்பியையும் போலச் சொத்தின் அடக்கவிலையில் சேரும், அந்தச் சொத்து சம்பாதிக்கும் ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிப்பதே முறை. மூன்று: எதுவும் மறைக்கப்படுவதில்லை, எல்லாம் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்ளலாம்.

முதல் வாதத்துக்குக் கொங்கு நாட்டு நூற்பாலைகளே பதில் சொல்லும். பருத்தி வரத்து அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை இருக்கும். மில் ஆண்டு முழுக்க ஓட வேண்டும். ஒரு மில்காரர் சீசனிலேயே வங்கிக் கடன் வாங்கி, ஆறு மாதத்துக்கான பஞ்சைக் குடோனில் அடுக்கிவிடுகிறார். இன்னொருவர் அவ்வப்போது வியாபாரியிடம் வாங்கிக்கொள்கிறார். ஒரு கண்டி, அதாவது ஏறத்தாழ 356 கிலோ பஞ்சு, சீசனில் 55,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10% வட்டியில் ஆறு மாதம் வைத்திருந்தால் முதலாமவருக்குக் கண்டிக்கு 2,750 ரூபாய் வட்டி ஆகும். இரண்டாமவருக்கு அதே பஞ்சை வியாபாரி ஆறு மாதம் கழித்து 57,750 ரூபாய்க்கு விற்கிறார். அவரும் கடன் வாங்கித்தானே இருப்பு வைத்திருந்தார்? தன் வட்டியை விலையில் ஏற்றாமல் எப்படி விற்பார்?

இருவருக்கும் அடக்கம் ஒன்றுதான். நூலின் விலையும் ஒன்றுதான். ஆனால் முதலாமவரின் கணக்கில் அந்த 2,750 ரூபாய் 'நிதிச் செலவு' என்ற தலைப்பில் எபிட்டாவுக்குக் கீழே போய்விடுகிறது. இரண்டாமவரின் கணக்கில் அது 'மூலப்பொருள்' செலவாக எபிட்டாவுக்கு மேலே நிற்கிறது. எபிட்டாவை வைத்து ஒப்பிடுபவர் முதல் மில் கண்டிக்கு 2,750 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தது என்று எழுதுவார். அப்படி ஒரு சம்பாத்தியம் எங்கும் நடக்கவில்லை. ஒப்பிடுவதற்காகவே வட்டியை ஒதுக்குகிறோம் என்றார்கள். ஒதுக்கியதால்தான் ஒப்பீடு கெட்டது. பஞ்சு குடோனில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை வங்கிக்குக் கொடுத்தாலும் வியாபாரிக்குக் கொடுத்தாலும் அது நூலின் அடக்கம்தான்.

நம் குடும்பத் தொழில்களுக்கு இது தெரிந்த விஷயம். கூட்டாண்மை நிறுவனங்களில் பங்குதாரர் போட்ட சொந்த முதலுக்கே கணக்கில் வட்டி எழுதும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40(பி) பிரிவும், கூட்டு ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால், ஆண்டுக்கு 12% வரையிலான வட்டியைச் செலவாக ஏற்றுக்கொண்டது. சொந்தப் பணமும் இனாமாக வருவதில்லை, அதற்கும் கூலி கொடுத்த பிறகு மிஞ்சுவதே தொழிலின் லாபம் என்ற தெளிவு அந்தப் பேரேடுகளில் இருந்தது. வளர்ந்து கம்பெனியானவர்கள் இந்தத் தெளிவிலிருந்து முன்னேறவில்லை. அடுத்தவர் பணத்துக்குக் கொடுக்கும் வட்டியைக்கூடத் தொழிலுக்கு வெளியே தள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வாடகைக்கு நடந்ததைப் பார்த்தால் எபிட்டா என்ற எண் எவ்வளவு பலவீனமானது என்பது புரியும். 2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இண்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கியல் தரநிலை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கடை வாடகை, விமான வாடகை எல்லாம் நேரடிச் செலவாக எழுதப்பட்டன. அதன் பிறகு நீண்டகால வாடகை ஒப்பந்தங்கள் இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பக்கம் சொத்தாகவும் மறுபக்கம் கடனாகவும் ஏறின. மாத வாடகை, தேய்மானம் என்றும் வட்டி என்றும் இரண்டாகப் பிரிந்தது. இரண்டுமே எபிட்டாவுக்குக் கீழே உள்ளவை. ஊர் ஊராகக் கடை வைத்திருந்த துணிக்கடைக் கம்பெனிக்கு ஒரு சட்டைகூடக் கூடுதலாக விற்காமல் எபிட்டா ஏறிவிட்டது. கடை உரிமையாளருக்குப் போகும் வாடகை ஒரு ரூபாயும் குறையவில்லை. கடனை ஒளிக்காமல் காட்ட வைத்தது அந்தத் தரநிலையின் நன்மைதான். அதன் மேல் எபிட்டாவை வைத்துப் பேசுவதுதான் பிழை.

எபிட்டாவைப் பிரபலப்படுத்தியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சித் தொழிலதிபர் ஜான் மலோன். கடனுக்கு மேல் கடன் வாங்கி ஊர் ஊராகக் கேபிள் இழுத்த தொழில் அது. லாபம் என்று காட்ட ஒன்றும் இல்லாத நிலையில் கடன் கொடுப்பவர்களுக்குக் காட்ட ஓர் எண் தேவைப்பட்டது. 1980களில் கடன் வாங்கிக் கம்பெனிகளையே வளைத்துப் போட்டவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருந்தது. கம்பெனியை முழுவதுமாக வாங்குபவர் பழைய கடனை அடைத்துவிட்டுத் தன் வசதிப்படி புதுக் கடன் வைத்துக்கொள்வார். அவருக்குப் பழைய வட்டி முக்கியமில்லை. நூறு பங்கு வைத்திருக்கும் ஈரோட்டுக்காரரால் அது முடியுமா? அவர் கம்பெனியின் கடனை மாற்ற முடியாது, வட்டியைக் குறைக்கவும் முடியாது. வட்டி கட்டியது போக மிஞ்சுவதில்தான் அவருக்குப் பங்கு. முழுக் கம்பெனியை விலை பேசுபவருக்கான அளவுகோலை இவர் கையில் கொடுத்து 'இதை வைத்துப் பார்' என்று சொல்வது அநியாயம்.

இதன் முடிவை நாடே பார்த்தது. வோடஃபோன் ஐடியா கம்பெனி அரசுக்குச் செலுத்த வேண்டிய அலைக்கற்றைத் தவணைகளும் வருவாய்ப் பங்கு பாக்கியும் தள்ளி வைக்கப்பட்டன. தள்ளி வைத்த காலத்துக்கு வட்டி ஏறியது. அந்தக் காலம் முழுவதும் கம்பெனியின் எபிட்டா பூஜ்யத்துக்கு மேலேதான் இருந்தது. 2023 பிப்ரவரியில் அந்த வட்டியில் 16,133 கோடி ரூபாயைப் பங்காக மாற்ற அரசு உத்தரவிட்டது. கம்பெனியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரசின் கைக்குப் போனது. 2025இல் இன்னும் ஒரு தொகை பங்காக மாறி, அரசின் பங்கு 49 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. 'தொழிலைச் சேராதது' என்று எபிட்டா ஒதுக்கி வைத்த அதே வட்டிதான் பழைய பங்குதாரர்களின் உடைமையைக் கரைத்தது. 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி திவால் நடவடிக்கைக்கு அனுப்பச் சொன்ன 12 பெருங்கடன் கணக்குகளில் ஒன்றான பூஷண் ஸ்டீலும் இப்படித்தான். உருக்காலை ஓடியது, வட்டிக்கு முந்தைய லாபமும் இருந்தது. வட்டியைக் கட்ட அது போதவில்லை. கம்பெனி கை மாறியது.

இனி இரண்டாவது வாதம். கட்டுமானக் காலத்து வட்டியைச் சொத்தின் அடக்கத்தில் ஏற்றுவது சட்டப்படி சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இண்ட் ஏஎஸ் 23 அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய ஏஎஸ் 16ம் அப்படியே. ஆடிட்டர்கள் 'கேப்பிடலைஸ்' செய்வது விதிப்படிதான். ஆனால் இது கணக்கியலின் மாறாத உண்மை என்பதுபோலப் பேசுகிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன்.

சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 23, 2007 வரை இதற்கு நேர் எதிரான முறையையே முதன்மை முறையாக வைத்திருந்தது. வட்டி எந்த ஆண்டில் ஏறுகிறதோ அந்த ஆண்டின் செலவு. சொத்தில் ஏற்றுவது அனுமதிக்கப்பட்ட மாற்று வழி மட்டுமே. அமெரிக்க விதிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்ற முயற்சியில் 2007இல் அது திருத்தப்பட்டது. அந்தத் தரநிலையை வெளியிடும் சர்வதேச வாரியத்தின் உறுப்பினர்கள் மூவர் மாறுபட்டுக் கருத்து எழுதினார்கள். அதே வாரியம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்று தனியே வெளியிட்ட தரநிலை, கடன் செலவு முழுவதையும் அந்தந்த ஆண்டே செலவாக எழுதச் சொல்கிறது. இலங்கை அந்தத் தரநிலையை ஏற்றுக்கொண்ட நாடு. அதன்படி கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துச் சிறு கம்பெனி ஒரு கட்டடம் கட்டினால் வட்டி அந்த ஆண்டின் செலவு. கொழும்புப் பங்குச்சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனி கட்டினால் அதே வட்டி சொத்து. சிமெண்டையும் கம்பியையும் போல வட்டியும் கட்டடத்தின் பகுதி என்றால், கம்பெனியின் அளவைப் பொறுத்து அது எப்படி மாறும்?

சிமெண்ட் ஒப்புமை இன்னோர் இடத்திலும் உடைகிறது. ஒரே வரைபடத்தில் இரண்டு ஆலைகள் கட்டப்படுகின்றன. ஒன்று முழுக்கச் சொந்தப் பணம். மற்றது பெரும்பகுதி கடன். பங்குதாரர் போட்ட பணத்தின் கூலியைச் சொத்தில் ஏற்றத் தரநிலை இடம் தருவதில்லை. ஆகவே கடனில் கட்டிய ஆலையின் 'மதிப்பு' சொந்தப் பணத்தில் கட்டியதைவிடக் கூடுதலாகக் கணக்கில் நிற்கும். எவ்வளவு கூடுதலாக என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆலைக்கு 1,000 கோடி. நான்கு ஆண்டுத் திட்டம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 175 கோடியாக 700 கோடி கடன், வட்டி 10%, அந்தந்த ஆண்டே கட்டப்படுகிறது. முதல் ஆண்டு வட்டி 17.5 கோடி, அடுத்து 35, பின்னர் 52.5, நான்காம் ஆண்டு 70; மொத்தம் 175 கோடி. வேலை இரண்டு ஆண்டு தாமதமானால் இன்னும் 140 கோடி. ஆக 315 கோடி வட்டி. சொந்தப் பணத்து ஆலை 1,000 கோடிக்குக் கணக்கில் இருக்க, அதன் இரட்டைப் பிறவி 1,315 கோடிக்கு நிற்கும்.

இந்த 315 கோடி பின்னர் என்ன ஆகிறது என்பதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் மையம் அங்கேதான் இருக்கிறது. கட்டிய ஆறு ஆண்டுகளும் லாப நட்டக் கணக்கில் இந்த வட்டியில் ஒரு ரூபாய்கூட வராது. ஆலை ஓடத் தொடங்கியதும், 25 ஆண்டு ஆயுள் என்றால், ஆண்டுக்கு 12.6 கோடி வீதம் அது கழிக்கப்படும். ஆனால் வட்டி என்ற பெயரில் அல்ல, தேய்மானம் என்ற பெயரில். எபிட்டாவோ தேய்மானத்துக்கும் முந்தைய எண். கட்டும்போது சொத்து என்றார்கள், ஓடும்போது தேய்மானம் என்றார்கள். கடைசி வரை எபிட்டாவில் அந்த 315 கோடிக்கு இடமே இல்லை. வங்கிக்கு ரொக்கமாகப் போன பணம், கம்பெனி மேடையில் சொல்லும் லாபத்தை ஒருநாளும் தொடாமலே மறைந்துவிடுகிறது. அடக்கத்தில் ஏற்றும் விதியும் எபிட்டா பழக்கமும் தனித்தனியே பார்த்தால் ஓரளவு நியாயம் பேசும். இரண்டும் கைகோத்தால் கடனில் வாழும் கம்பெனிக்கு வட்டியே இல்லாத ஒரு கணக்கு கிடைத்துவிடுகிறது.

தாமதத்துக்கான அந்த 140 கோடியை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். அதனால் கொதிகலன் பெரிதாகவில்லை, ஒரு யூனிட் மின்சாரம் கூடவில்லை. வேலையை முழுவதும் நிறுத்தி நீண்டகாலம் கிடப்பில் போட்டால்தான் வட்டியை ஏற்றுவதை நிறுத்தி வைக்கச் சொல்கிறது தரநிலை. நூறு பேர் வேலை செய்ய வேண்டிய இடத்தில் பத்துப் பேர் செய்துகொண்டிருந்தால் அது நிறுத்தம் ஆகாது; வட்டி சொத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். நிர்வாகத்தின் மெத்தனம் நஷ்டமாகத் தெரிவதற்குப் பதிலாகச் சொத்தாக வளர்கிறது.

மின்சாரத் துறை இதை வேறு மாதிரி கையாள்கிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதிகள், திட்டமிட்ட தேதி வரையிலான கட்டுமான வட்டியை ஒரு விதமாகவும் அதைத் தாண்டிய வட்டியை வேறு விதமாகவும் பார்க்கின்றன. தாமதம் நிறுவனத்தின் கையை மீறியது என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வட்டியைக் கட்டணத்தில் சேர்க்க மறுக்கலாம். மகாராஷ்டிர மின்னுற்பத்தி நிறுவனத்தின் வழக்கில் 2011 ஏப்ரலில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதை வரையறுத்துச் சொன்னது: தவறு நிறுவனத்தினுடையது என்றால் தாமதச் செலவு முழுவதும் நிறுவனத்தின் தலையில், கையை மீறியது என்றால் அடக்கத்தில் சேரும், இரண்டிலும் சேராதவற்றை நிறுவனமும் நுகர்வோரும் பகிர்ந்துகொள்ளலாம். 800 மெகாவாட் வட சென்னை மூன்றாம் நிலை அனல்மின் நிலையத்துக்கு 2016இல் பெல் நிறுவனத்துக்கு ஆர்டர் போனது, தொடக்க விழா நடந்தது 2024 மார்ச்சில். இப்படிப்பட்ட இடைவெளிகளில் ஓடும் வட்டி யார் தலையில் விழ வேண்டும் என்பது ஒவ்வொரு மின் கட்டண ரசீதையும் தொடும் கேள்வி. மின் ஆணையம் கேட்கும் இந்தக் கேள்வியைக் கணக்கியல் தரநிலை ஏன் கேட்கக் கூடாது?

தரநிலை தயாரிப்பவர்களே சில இடங்களில் பின்வாங்கியிருக்கிறார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே உரிமை படிப்படியாக வாங்குபவருக்கு மாறும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், இன்னும் விற்காத வீடுகளின் மேல் வட்டியை ஏற்ற முடியாது என்று சர்வதேசத் தரநிலைகளுக்கு விளக்கம் தரும் ஐஎஃப்ஆர்எஸ் விளக்கக் குழு 2019 மார்ச்சில் சொன்னது. அந்த வீடுகள் இருக்கிற நிலையிலேயே விற்பனைக்குத் தயாராக இருப்பவை என்பது காரணம். எங்கே கோடு போடுவது என்பது முடிந்துபோன விஷயம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

நீதிமன்றத்தைக் காட்டி என்னை மறுப்பவர்களும் உண்டு. உற்பத்தி தொடங்கும் முன்னால் ஏறிய வட்டி ஆலையின் அடக்கத்தில் சேரும் என்று சல்லப்பள்ளி சர்க்கரை ஆலை வழக்கில் 1970களிலேயே உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதே நீதிமன்றம் 1997இல் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் வழக்கில் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தக் கம்பெனி ஆலை அமைக்கக் கடன் வாங்கியது. உடனே தேவைப்படாத பணத்தைக் குறுகிய கால வைப்பில் போட்டது. 2,92,440 ரூபாய் வட்டி வந்தது. வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம், வந்த வட்டியை அதில் கழித்துக்கொண்டு மீதியைத்தான் ஆலைச் செலவில் சேர்க்கிறோம், கணக்கியல் முறையும் அதுதான் என்றது கம்பெனி. நீதிமன்றம் ஏற்கவில்லை. வந்த வட்டி வருமானம்தான், அதற்கு வரி உண்டு, கணக்கு எழுதும் முறை சட்டத்தை மாற்றாது என்று தீர்ப்பளித்தது. வரிச் சட்டத்தின் கேள்வி வேறு, முதலீட்டாளரின் கேள்வி வேறு என்பது உண்மை. ஆனாலும் இங்கே ஒரு பாடம் இருக்கிறது: கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதினோம் என்பதால் வட்டியின் இயல்பு மாறிவிடுவதில்லை. வருகிற வட்டிக்குப் பொருந்தும் இந்த நியாயம் போகிற வட்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதே என் வாதம்.

சொத்தின் மதிப்பு மிகையாகிவிட்டால் அதைக் குறைத்து எழுத வேறொரு விதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்தக் குறைப்பு, சொத்து இனி எவ்வளவு சம்பாதிக்கும் என்று நிர்வாகமே போடும் மதிப்பீட்டை நம்பி நிற்பது. திட்டத்தைத் தாமதப்படுத்திய அதே நிர்வாகம், 'எங்கள் மதிப்பீடு தவறிவிட்டது' என்று எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளும்? பெரும்பாலும் அந்தக் குறைப்பு வரும்போது பங்குவிலை ஏற்கெனவே விழுந்து முடிந்திருக்கும்.

மூன்றாவது வாதம், எல்லாம் குறிப்புகளில் இருக்கிறது என்பது. உண்மைதான், இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லாப நட்டக் கணக்கில் 'நிதிச் செலவு' என்று 48 கோடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கான குறிப்புக்குப் போனால், 'சொத்தில் ஏற்றிய வட்டி 70 கோடி நீங்கலாக' என்று ஒரு வரி இருக்கும். கட்டுமானத்தில் உள்ள சொத்துகளின் குறிப்பு இன்னும் பல பக்கம் தள்ளி இருக்கும். ரொக்க ஓட்ட அறிக்கையின் அடியில் 'கட்டிய வட்டி 118 கோடி' என்று ஒரு வரி. நான்கு இடங்களைத் தேடிச் சேர்த்தால்தான் உண்மையான வட்டி 48 அல்ல, 118 என்று தெரியும். செய்திக் குறிப்பின் முதல் வரியில் இந்த 118 வராது. அங்கே எபிட்டாதான் இருக்கும்.

ரொக்க ஓட்ட அறிக்கையிலும் வட்டிக்குக் கிடைத்திருப்பது பின்வரிசைதான். அமெரிக்க விதிகளில் 1987 முதலே, செலவாக எழுதிய வட்டியைக் கட்டுவது தொழில் நடவடிக்கையின் ரொக்கத்தில் கழிக்கப்படுகிறது. இந்தியாவில் வங்கி, நிதி நிறுவனங்கள் தவிர மற்றவர்கள் கட்டும் வட்டி நிதி நடவடிக்கைகளின் கீழே போகிறது. ஆகவே இங்கே ஒரு கம்பெனி 'தொழிலிலிருந்து இத்தனை கோடி ரொக்கம் வந்தது' என்று சொன்னால், அதில் வட்டி கழிக்கப்படவில்லை. 2024இல் வெளியாகி 2027 ஜனவரி முதல் நடைமுறைக்கு வரும் ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற சர்வதேசத் தரநிலையும் பெரும்பாலான கம்பெனிகளுக்கு இதே வழியையே உலகம் முழுவதும் விதியாக்குகிறது. ஒழுங்கு வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வட்டியைத் தொழிலுக்கு வெளியே நிறுத்தும் பழக்கம் இதனால் இன்னும் உறுதிப்படும்.

நம் நாட்டு விதிகளில் நல்லதும் நடந்திருக்கிறது. 2021இல் கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை திருத்தப்பட்டது. கட்டுமானத்தில் உள்ள சொத்துகள் ஓராண்டுக்கு உட்பட்டவை, மூன்று ஆண்டுக்கு மேற்பட்டவை என வயதுவாரியாகக் காட்டப்பட வேண்டும்; கெடு தாண்டியவற்றையும் செலவு மீறியவற்றையும் தனியே சொல்ல வேண்டும். பல விகிதங்களையும் வெளியிட வேண்டும்; கடனையும் வட்டியையும் சேர்த்து அடைக்கும் திறன் அவற்றில் ஒன்று. ஆனால் லாபம் வட்டியைப்போல் எத்தனை மடங்கு என்ற எளிய விகிதம் அந்தப் பட்டியலில் இல்லை. கெடு தாண்டிய திட்டம் எது என்று தெரிகிறது. அதன்மேல் எத்தனை கோடி வட்டி ஏறியது என்பது தெரிவதில்லை.

வட்டியைத் தொழிலிலிருந்து பிரிக்கவே முடியாத ஒரு துறையை எதிர்த்தரப்பும் ஒப்புக்கொள்கிறது. எந்த வங்கியிடமும் யாரும் எபிட்டா கேட்பதில்லை. பணம்தான் அங்கே சரக்கு, வட்டிதான் சரக்கின் விலை என்கிறார்கள். மில்லில் பஞ்சு ஆறு மாதம் இருப்பதற்கும், கட்டடம் நான்கு ஆண்டு எழும்புவதற்கும், விற்ற சரக்குக்குத் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் வருவதற்கும் காலம்தான் மூலப்பொருள். அந்தக் காலத்தின் விலைதான் வட்டி. வங்கிக்குப் பொருந்தும் நியாயம் மில்லுக்கும் பில்டருக்கும் மின்நிலையத்துக்கும் பொருந்தாமல் போக ஒரு காரணமும் இல்லை.

ஆகவே நான் கேட்பவை மூன்று. கம்பெனிகள் தங்கள் முடிவுகளை அறிவிக்கும்போது, எபிட்டாவைச் சொன்னால் அதே வரியில் அந்தக் காலத்தின் மொத்த வட்டியையும், செலவாக எழுதியதும் சொத்தில் ஏற்றியதும் சேர்த்து, சொல்ல வேண்டும். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இதைக் கட்டாயமாக்க வேண்டும். அறிவித்த கெடுவைத் தாண்டிய நாள் முதல், தாமதம் கையை மீறியது என்று நிரூபிக்காத வரையில், கட்டுமான வட்டி அந்த ஆண்டின் செலவாக எழுதப்பட வேண்டும். மொத்த வட்டியை வைத்துக் கணக்கிட்ட வட்டித் தாங்குதிறன் விகிதம் மூன்றாம் அட்டவணையில் சேர வேண்டும். இவை எதுவும் புதிய தகவலைக் கேட்கவில்லை. எல்லா எண்களும் கம்பெனியிடம் இப்போதே இருக்கின்றன. நான்கு பக்கங்களில் சிதறியிருப்பதை ஒரு வரியில் வைத்தால் போதும்.

விதிகள் மாறும் வரை வாசகர் கையில் ஒரு வேலை இருக்கிறது. உங்களிடம் ஏதாவது ஒரு கம்பெனியின் பங்கோ கடன் பத்திரமோ இருந்தால், அதன் ஆண்டறிக்கையில் ரொக்க ஓட்ட அறிக்கைக்குப் போய் 'கட்டிய வட்டி' என்ற வரியை எடுங்கள். லாப நட்டக் கணக்கின் 'நிதிச் செலவு' வரியோடு ஒப்பிடுங்கள். முதலாவது இரண்டாவதைவிடக் கணிசமாக அதிகம் என்றால், மீதி எங்கே போனது என்று குறிப்புகளில் தேடுங்கள். சொத்தில் ஏறியிருந்தால் அந்தச் சொத்து எத்தனை ஆண்டாகக் கட்டப்படுகிறது என்று பாருங்கள். பிறகு அந்த மொத்த வட்டியைத் தாங்கும் அளவுக்குத் தொழில் சம்பாதிக்கிறதா என்று கணக்குப் போடுங்கள். தாங்கவில்லை என்றால், தொலைக்காட்சி எந்த எபிட்டாவைச் சொன்னாலும் அந்தக் கம்பெனி உங்கள் சேமிப்புக்கு உகந்தது அல்ல.